லிமிடெட் எடிஷன் என்று தகடு இருந்தால் போதுமா? பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் என்று பேச்செடுத்தாலே "இது லிமிடெட் எடிஷன்" என்ற சொல்லும் கூடவே வந்துவிடுகிறது. விற்பவர் சொல்கிறார், ஏல நிறுவனத்தின் புத்தகம் சொல்கிறது, டேஷ்போர்டில் பதித்திருக்கும் தகடும் சொல்கிறது. அதில் எது உண்மை என்று எப்படிப் பார்ப்பது? பொதுவாகப் பேசினால் பிடி கிடைக்காது. அதனால் 1973 மாடல் போர்ஷே 911 கரேரா ஆர்.எஸ். 2.7 என்ற ஒரே காரை நடுவில் வைத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன். ஏராளமாகப் போலி செய்யப்பட்ட கார் அது. ஒவ்வொரு வண்டிக்கும் பதிவு இருக்கும் காரும் அதுதான்.

லிமிடெட் எடிஷன் என்றால் சரியாக என்ன?

ஒரு காரைத் தனி வகையாகச் செய்ய நிறுவனத்துக்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். செய்த ஒவ்வொரு வண்டியும் அந்த வகையைச் சேர்ந்தது என்று தொழிற்சாலைப் பதிவேட்டில் அன்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் நான் அதை உண்மையான லிமிடெட் எடிஷன் என்பேன். எண்ணிக்கை அதற்கு அப்புறம்தான்.

குறைவாகச் செய்த கார் எல்லாமே லிமிடெட் எடிஷன்தானே?

இல்லை. ஜப்பானின் டொயோட்டா 2000ஜிடியை எடுத்துக்கொள்ளுங்கள். யமஹாவோடு சேர்ந்து 1967 முதல் 1970 வரை செய்தார்கள். மொத்தம் 351 கார்கள். மிக அழகான கார், மிக அரிய காரும்கூட. ஆனால் 351 என்று யாரும் முன்கூட்டி முடிவு செய்யவில்லை. கையால் செய்ய வேண்டியிருந்தது, விலை அதிகம், வாங்கியவர்கள் குறைவு. அதனால் எண்ணிக்கை அங்கே நின்றது. அரிய கார் என்பது வேறு, லிமிடெட் எடிஷன் என்பது வேறு.

அப்படியானால் போர்ஷே ஆர்.எஸ். எதற்காகச் செய்யப்பட்டது?

பந்தய விதிக்காக. 1971 முடிவில் பெரிய எஞ்சின் வைத்த ஸ்போர்ட்ஸ் கார்களுக்கான விதி மாறியது. உலகத்தையே மிரட்டிக்கொண்டிருந்த போர்ஷே 917 என்ற பந்தயக் காருக்கு உலக சாம்பியன்ஷிப் பந்தயங்களில் இடமில்லாமல் போயிற்று. கையில் மிச்சம் இருந்தது 911. அதை நான்காம் பிரிவு என்ற வகையில் ஓட்டலாம். ஆனால் அந்தப் பிரிவுக்கு ஒரு நிபந்தனை இருந்தது: அதே காரை 500 எண்ணிக்கையில் செய்து பொதுமக்களுக்கு விற்றிருக்க வேண்டும். இப்படி விதிக்கு ஏற்பச் செய்து பந்தய அமைப்பிடம் அங்கீகாரம் வாங்குவதைத்தான் ஹோமோலோகேஷன் என்கிறார்கள்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பந்தயக் காரில் என்ன வேண்டுமோ அதன் விதை சாலையில் ஓடும் காரில் இருந்தாக வேண்டும். பின் சக்கரம் அகலமாக வேண்டுமா? சாலைக் காரின் பின் ஃபெண்டரையே, அதாவது சக்கரத்துக்கு மேலுள்ள தகட்டையே, அகலப்படுத்து. முன்னால் 6 அங்குலமும் பின்னால் 7 அங்குலமும் அகலமுள்ள வீல் வந்தது அப்படித்தான். எஞ்சினைப் பெரிதாக்க வேண்டுமா? 2.4 லிட்டர் எஞ்சினின் சிலிண்டர் விட்டத்தை 84 மில்லிமீட்டரிலிருந்து 90க்குக் கொண்டுபோய் 2,687 சிசி ஆக்கினார்கள். சுவர் மெலிந்த அந்த சிலிண்டர் தேயாமல் இருக்க உள்ளே நிக்காசில் என்ற நிக்கல் கலந்த கடினமான பூச்சு கொடுத்தார்கள். 210 குதிரைத்திறன் கிடைத்தது.

பின் மூடியில் வாத்து வால் மாதிரி நிமிர்ந்து நிற்கும் அந்த ஸ்பாய்லரும் அலங்காரம் இல்லை. வேகமாகப் போகும்போது 911இன் பின்பக்கம் காற்றில் தூக்கிக்கொள்ளும். டில்மன் பிராட்பெக் என்ற இளம் பொறியாளரும் அவரோடு இருந்தவர்களும் தகட்டை வளைத்து வைத்து வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்த தீர்வு அது. அப்புறம் எடை. பின் சீட் இல்லை, கடிகாரம் இல்லை, கதவை இழுத்துச் சாத்த ஒரு பட்டை மட்டும். மெல்லிய தகடு, மெல்லிய கண்ணாடி. லேசான வகை சுமார் 960 கிலோதான்.

இந்தக் காரில் எதைத் தொட்டாலும் அது ஏன் அங்கே இருக்கிறது என்பதற்கு ஒரு பதில் இருக்கிறது. நான் இந்தக் காரை இவ்வளவு நேசிப்பது அதனால்தான்.

500 என்று ஆரம்பித்து 1,580 செய்தார்களே, அது ஏமாற்று இல்லையா?

நியாயமான கேள்வி. 1972 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் காரைக் காட்டினார்கள். கடிகாரம்கூட இல்லாத காரை 34,000 ஜெர்மன் மார்க் கொடுத்து 500 பேர் வாங்குவார்களா என்று விற்பனைப் பிரிவுக்கே சந்தேகம். நவம்பர் முடிவதற்குள் 500ம் விற்றுவிட்டது. கேட்டவர்களுக்கெல்லாம் செய்துகொண்டே போனார்கள். 1973 கோடையில் நிறுத்தும்போது கணக்கு 1,580.

500 என்பது பந்தய விதி கேட்ட குறைந்தபட்ச எண்ணிக்கை. வாங்குபவரிடம் "இதற்கு மேல் செய்யமாட்டோம்" என்று கொடுத்த வாக்கு இல்லை. அதனால் இதை ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். அதேபோல "1,580 இருக்கிறதே, இது எப்படி லிமிடெட்?" என்று கேட்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. 501ஆவது காரும் அதே காரணத்துக்காக வரைந்த கார்தான், அதே பதிவேட்டில் இருக்கும் கார்தான். முதல் 500க்குத் தனி மதிப்பு கொடுக்கும் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். அது அவர்கள் விருப்பம்.

எண்ணிக்கையை முதலிலேயே அறிவித்துவிட்டு மீறிய கதைகள் வேறு. ஃபெராரி எஃப்40 வந்தபோது 400 என்று பேசினார்கள். 1987 முதல் 1992 வரை 1,300க்கும் மேல் செய்தார்கள். முதலில் ஆசையோடு கையெழுத்துப் போட்டவருக்கு வருத்தம் இருந்தால் அதில் நியாயம் உண்டு.

அதே ஃபெராரி பின்னாளில் என்ஸோ என்ற காரை முதலில் 349 என்று அறிவித்து, பிறகு 399 ஆக்கியது. 400ஆவதாக ஒன்று செய்தது உண்மை. அது போப் இரண்டாம் ஜான் பாலுக்குக் கொடுக்கப்பட்டு, 2005இல் ஏலம் விடப்பட்டு, அந்தப் பணம் நம் கடற்கரைகளையும் அடித்துப்போட்ட 2004 சுனாமியால் பாதிக்கப்பட்டவர்களுக்காக ஒதுக்கப்பட்டது. அந்தக் கடைசி மீறலை யார் குறை சொல்வார்கள்?

1,580 கார்களும் ஒரே மாதிரியா?

இல்லை, விலையில் பெரிய வித்தியாசம் வருவது இங்கேதான். தொழிற்சாலையில் குறியீடு வைத்துப் பிரித்தார்கள். எம்472 என்பது டூரிங், கொஞ்சம் சொகுசு சேர்த்தது, 1,308 கார்கள். எம்471 என்பது ஸ்போர்ட், லேசான வகை, 200 கார்கள். எம்491 என்பது நேரடிப் பந்தயக் கார், ஆர்.எஸ்.ஆர்., 55. எல்லாவற்றையும் கழற்றிய அடிப்படை ஹோமோலோகேஷன் வகை 17. கூட்டினால் 1,580 வரும்.

டூரிங் காரின் உள் அலங்காரத்தைக் கழற்றிவிட்டு "இது லைட்வெயிட்" என்று விற்பது பழைய வேலை. கார் உண்மையான ஆர்.எஸ்.தான், ஆனால் சொன்ன வகை இல்லை. பாதிப் பொய்யைக் கண்டுபிடிப்பது முழுப் பொய்யைவிடக் கஷ்டம்.

வாத்து வாலும் பக்கவாட்டில் 'கரேரா' எழுத்தும் இருந்தால் அது ஆர்.எஸ்.தானே?

இதை நம்பித்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அந்தக் காலத்து 911 டி, இ, எஸ் எல்லாமே அடிப்படையில் ஒரே பாடி. ஒரு சாதாரண 911 டி காரை வாங்கி, பின் ஃபெண்டரை அகலப்படுத்தி, வாலை மாட்டி, எழுத்தை ஒட்டிவிட்டால் பத்தடி தூரத்தில் நிற்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

தெரிய வேண்டுமானால் சேஸிஸ் நம்பரைப் படியுங்கள். 1973 மாடல் 911இன் சேஸிஸ் நம்பர் பத்து இலக்கம். ஆர்.எஸ். என்றால் 911360 என்று தொடங்கும். முதல் மூன்று இலக்கம் 911 என்ற வகை. அடுத்த 3 என்பது 1973 மாடல். அதற்கடுத்த 6தான் ஆர்.எஸ். என்பதற்கான இலக்கம். அந்த இடத்தில் 1 இருந்தால் 911 டி, 2 இருந்தால் 911 இ, 3 இருந்தால் 911 எஸ். கடைசி 0 என்பது மூடிய கூபே பாடி. கழற்றும் கூரை உள்ள டார்காவுக்கு அந்த இடத்தில் 1 வரும். ஆர்.எஸ். கூபேயாக மட்டுமே வந்தது. அதனால் டார்கா பாடியில் '73 ஆர்.எஸ். என்று யாராவது காட்டினால் மேற்கொண்டு பேசவே வேண்டாம்.

மிச்சம் நான்கு இலக்கம் வரிசை எண். அது 1590ஐத் தாண்டினாலும் சந்தேகப்பட வேண்டியதுதான்.

அந்த நம்பரையே மாற்றி அடித்திருந்தால்?

செய்கிறார்கள். ஆனால் இரும்பு அவ்வளவு சீக்கிரம் மறப்பதில்லை. எண்ணை அடிக்கும்போது மேற்பரப்பு மட்டுமல்ல, அதற்கு அடியிலுள்ள உலோகமும் நசுங்குகிறது. மேலே ராவி எடுத்துவிட்டுப் புது எண் அடித்தாலும் அடியில் அந்த நசுக்கல் நிற்கும். அமிலம் தடவியோ காந்தப்புலத்தால் படம் எடுத்தோ பழைய எண்ணை வெளியே கொண்டுவர முடியும். குற்றப் புலனாய்வு ஆய்வகங்கள் திருட்டு வண்டிகளுக்குச் செய்வதும் இதே சோதனைதான்.

அதற்கு முன் வெறும் கண்ணாலேயே பார்க்க வேண்டியவை உண்டு. எழுத்தின் வடிவம், இலக்கங்களுக்கு இடையே உள்ள தூரம், எண்ணைச் சுற்றி வெல்டிங் தடம் இருக்கிறதா என்பது. எண் உள்ள துண்டை மட்டும் வெட்டி எடுத்து வேறு பாடியில் ஒட்ட வைத்த கார்கள் உண்டு. பெயின்ட் தடிமன் காட்டும் சின்ன மீட்டரை வைத்தால் அந்த இடம் தனியாகத் தெரியும்.

எஞ்சின் நம்பர் பொருந்தாவிட்டால் கார் போலியா?

போலி இல்லை, விலை குறையும். 'மேட்சிங் நம்பர்ஸ்' என்று சொல்வது, தொழிற்சாலை எந்த எஞ்சினையும் கியர்பாக்ஸையும் வைத்து அனுப்பியதோ அதே எஞ்சினும் கியர்பாக்ஸும் இன்றும் இருப்பது. ஆர்.எஸ். எஞ்சினுக்கு 911/83 என்று வகை எண். இது பந்தயத்துக்குப் பிறந்த கார். ஐம்பது வருஷத்தில் எஞ்சின் உடைந்து வேறு மாட்டியிருப்பது அவமானம் இல்லை. மாற்றியதைச் சொல்லாமல், பழைய எண்ணைப் புது எஞ்சின் மேல் அடித்து வைப்பதுதான் மோசம்.

1974 மாடலிலும் 'கரேரா' என்று எழுதியிருக்கிறதே?

ஆமாம். 1974இலிருந்து 'கரேரா' என்பது சாதாரண வரிசையின் உயர்ந்த மாடலுக்கான பெயர் ஆகிவிட்டது. ஐரோப்பாவுக்கு வந்த 1974 கரேரா 2.7இல் ஆர்.எஸ். காரில் இருந்த அதே 210 குதிரைத்திறன் எஞ்சின். அருமையான கார். அமெரிக்காவுக்குப் போன 1974 கரேராவில் எஞ்சினே வேறு, 175 குதிரைத்திறன். இரண்டுமே '73 ஆர்.எஸ். இல்லை. துருத்தி மாதிரி மடிப்பு வைத்த பெரிய பம்பரைப் பார்த்தாலே 1974 அல்லது அதற்குப் பிந்தியது என்று தெரிந்துவிடும். அந்த பம்பரை மாற்றிவிடுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

டேஷ்போர்டில் தகடு இருந்தால் எவ்வளவு நம்பலாம்?

தகட்டை மட்டும் வைத்து எதையும் நம்பாதீர்கள். எம்ஜி நிறுவனம் செய்த இங்கிலாந்தின் எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார் நல்ல உதாரணம். 1979இல் அமெரிக்கச் சந்தைக்கென்று கறுப்பு நிறத்தில், பக்கவாட்டில் வெள்ளிப் பட்டையோடு, லிமிடெட் எடிஷன் என்ற தகடு வைத்து ஒரு எம்ஜிபி வந்தது. மொத்தம் 6,668 கார்கள். பிறகு 1980 அக்டோபரில் எம்ஜி கார்கள் செய்த ஆபிங்டன் ஊர்த் தொழிற்சாலையை மூடினார்கள். அந்த முடிவின் நினைவாக உள்நாட்டுக்கு ஓர் ஆயிரம் கார்: வெண்கல நிறத்தில் 420 திறந்த கார்கள், ஈயச் சாம்பல் நிறத்தில் 580 ஜிடி என்ற மூடிய கார்கள்.

இரண்டும் பெயரளவில் லிமிடெட் எடிஷன்தான். முதலாவது பெரும்பாலும் பெயின்டும் பட்டையும். இரண்டாவதில் ஐம்பது வருஷம் எம்ஜி செய்த ஓர் ஊரின் கடைசி வேலை இருக்கிறது. இயந்திரமாகப் பார்த்தால் அதிலும் புதிதாக எதுவும் இல்லை என்பது உண்மை. இருந்தாலும் என் மனசு இரண்டாவது பக்கம்தான் போகிறது. தகடும் பட்டையும் புதிதாகச் செய்தே கிடைக்கும். கறுப்பு பெயின்ட் எந்த எம்ஜிபிக்கும் ஒட்டும். அதனால் தொழிற்சாலைப் பதிவைக் கேட்டு வாங்குங்கள். இங்கிலாந்தில் கேடன் என்ற இடத்தில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம், சேஸிஸ் நம்பரை வைத்து அந்தக் கார் எப்போது, என்ன நிறத்தில் செய்யப்பட்டது என்று சான்றிதழ் தருகிறது.

நிறுவனமே இப்போது பழைய காரைப் புதிதாகச் செய்து விற்றால் அது அசலா?

ஜாகுவார் எக்ஸ்கேஎஸ்எஸ் கதையைக் கேளுங்கள். 1956 முடிவில் ஜாகுவார் தன் பந்தய அணியைக் கலைத்தது. விற்காமல் நின்ற டி-டைப் பந்தயக் கார்களைச் சாலையில் ஓட்டும்படி மாற்றி 25 விற்க நினைத்தார்கள். 1957 பிப்ரவரி 12 இரவு பிரவுன்ஸ் லேன் தொழிற்சாலையில் தீ. ஒன்பது கார்கள் எரிந்தன. 16தான் உலகத்துக்கு வந்தது. இந்த 16 என்ற எண்ணை நெருப்பு தீர்மானித்தது.

2016இல் ஜாகுவார் அந்த ஒன்பதையும் புதிதாகச் செய்யப்போவதாக அறிவித்தது. விலை ஒவ்வொன்றும் பத்து லட்சம் பவுண்டுக்கும் மேல். வேலைப்பாட்டில் குறை சொல்ல முடியாது. நிறுவனம், வரைபடம், பெயர் எல்லாம் அதுவேதான். ஆனால் அவை 1957இன் கார்கள் ஆகிவிடாது. எரிந்தது எரிந்ததுதான். இவற்றைத் தொடர்ச்சிக் கார்கள் என்று தனியாக வைப்பதுதான் சரி. அந்த 16ஐப் பழைய எக்ஸ்கேஎஸ்எஸ் என்றும், இந்த ஒன்பதை 2016 திட்டத்தின் எக்ஸ்கேஎஸ்எஸ் என்றும் சொல்லிவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை.

ஒரே சேஸிஸ் நம்பரில் இரண்டு கார் இருக்க முடியுமா?

முடியும், அதுவும் இரண்டிலும் பொய் இல்லாமலே. பந்தயத்தில் ஒரு கார் நொறுங்குகிறது. அணி புதுப் பாடி வாங்கி, பழைய காரின் எஞ்சினையும் காகிதத்தையும் அதற்கு மாற்றி ஓட்டுகிறது. நொறுங்கிய பாடி ஒரு கொட்டகையில் கிடக்கிறது. முப்பது வருஷம் கழித்து யாரோ அதை நிமிர்த்திக் கட்டுகிறார். ஒன்றிடம் பந்தய வரலாறு, இன்னொன்றிடம் முதல் இரும்பு. எது அசல்? பெரும்பாலான நிபுணர்கள் இடைவெளி இல்லாத தொடர்ச்சி யாரிடம் இருக்கிறது என்று பார்ப்பார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. ஆனாலும் அந்த உடைந்த பாடியைத் தொட்டுப் பார்க்க எனக்கு ஆசைதான். வாங்குபவர் என்றால் ஒன்று மட்டும்: இரண்டாவது காரின் உரிமையாளரோடு எழுத்து மூலமாக ஒப்பந்தம் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

நிறுவனத்தின் சான்றிதழ் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?

சான்றிதழ் சொல்வது, இந்த எண்ணில் இப்படி ஒரு கார் தொழிற்சாலையை விட்டுப் போனது என்பதை. உங்கள் முன் நிற்கும் வண்டி அதுதான் என்பதை அது சொல்லாது. காரை நேரில் பார்த்துக் கொடுக்கும் சான்று தனி. இடையில் வந்த பழைய பில், பதிவுப் புத்தகம், சர்வீஸ் குறிப்பு, பழைய புகைப்படம் எல்லாம் சேர்ந்தால்தான் அன்றைய காரையும் இன்றைய காரையும் இணைக்க முடியும். 1970களில் யாரோ வீட்டு வாசலில் எடுத்த ஒரு மங்கலான படம், நம்பர் பிளேட் தெரிந்தால், பளபளப்பான சான்றிதழுக்குச் சமம்.

மறுசீரமைப்பு செய்தால் அசல்தன்மை போய்விடுமா?

எவ்வளவு மாற்றினார்கள், எதை மாற்றினார்கள் என்பதைப் பொறுத்தது. துருப்பிடித்த தரையை வெட்டி மாற்றுவது பராமரிப்பு. முழு பாடியையும் மாற்றினால் எண் உள்ள பகுதி மட்டும்தான் பழசு. ஆர்.எஸ். காரில் மெல்லிய தகடே முக்கிய அம்சம். அதை எடுத்துவிட்டு சாதாரணத் தகடு வைத்தால், காருக்கு இருந்த காரணத்தில் ஒரு துண்டு போய்விடுகிறது.

இந்தியாவில் இதற்கெல்லாம் ஏதாவது விதி உண்டா?

லிமிடெட் எடிஷன் என்பதற்கு இல்லை. ஆனால் 2021இல் வந்த மோட்டார் வாகன விதித் திருத்தம், முதல் பதிவிலிருந்து 50 வருஷம் கடந்த, சேஸிஸிலும் பாடியிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் செய்யாத வண்டியை விண்டேஜ் என்று ஏற்கிறது. நம்பர் பிளேட்டில் விஏ என்ற எழுத்து வரும். அன்றாட ஓட்டத்துக்கு அனுமதி இல்லை.

911 டி காரை ஆர்.எஸ். மாதிரி மாற்றி வைத்திருக்கிறேன். அது தவறா?

தவறே இல்லை. ஓட்டுவதற்கு அருமையாக இருக்கும். உண்மையான ஆர்.எஸ். காரை மழையில் வெளியே எடுக்கத் தயங்குபவர்கள் உண்டு, நீங்கள் தயங்க வேண்டியதில்லை. சேஸிஸ் நம்பரை மட்டும் தொடாதீர்கள். என்னென்ன மாற்றினீர்கள், எந்த வருஷம், எந்தப் பட்டறையில் என்று ஒரு நோட்டில் எழுதி, பில்லோடு காரிலேயே வையுங்கள். விற்கும்போது விளம்பரத்தின் முதல் வரியிலேயே "911 டி, ஆர்.எஸ். தோற்றத்துக்கு மாற்றியது" என்று போடுங்கள். உங்களுக்குப் பிறகு மூன்றாவது, நான்காவது ஆளிடம் கார் போகும்போது அந்த நோட்டும் கூடப் போக வேண்டும்.